வேர் விடாத மனோரஞ்சிதம்

எங்கள் வீட்டில் மூக்கு என்று ஒன்று இருந்ததென்றால் அது என் மனைவியுடையதுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சைனஸ். கண்ணாடியைத் தாங்குவதற்கும் கோபம் வந்து உட்காருவதற்கும் தவிர என் மூக்கு வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. பால் அடிப்பிடிப்பதை முன்னறையில் இருந்தபடியே அவள் சொல்வாள். நேற்றைய சாம்பாரை மூடி திறக்காமலே கொட்டச் சொல்வாள். ஒருமுறை பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்ததை எங்கள் வாசலில் நின்றே கண்டுபிடித்து, கதவைத் தட்டி, அவர்களை வெளியே இழுத்துவந்தாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு.

மூன்று வருஷங்களுக்கு முன், ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு எது வந்தாலும் நஷ்டமில்லை. அவளுக்குப் பத்து நாளில் காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. முதல் சில வாரம் நாங்கள் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். "இனி நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூக்கு கூட இல்ல, கேட்டோ" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. புளித்த மாவில் தோசை சுட்டோம். கேஸ் அடுப்பை அணைத்ததாக நினைத்து ஒரு மதியம் முழுக்கத் திறந்தே வைத்திருந்தோம். ஜன்னல்கள் திறந்திருந்ததால் தப்பித்தோம்.

அதைவிடக் கொடுமை, அவள் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கத் தொடங்கியது. "எம்மேல ஏதாவது வாடை வருகா?" என்று கேட்பாள், அதுவும் போயும் போயும் என்னிடம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கிழக்கேகோட்டைப் பக்கம் போனால் பூக்கடைகள் வரும் முன்னே எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள். சோறு காகிதத்தை மெல்லுவதுபோல் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். டாக்டர் கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், ஏலக்காய் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஆறு மாதம் முறையாகச் செய்தாள். ஒவ்வொரு முறையும் "என்ன வருகு?" என்று நான் கேட்பேன். "ஒண்ணும் வரல" என்பாள். பிறகு அந்த நான்கு குப்பிகளும் அலமாரியின் பின்வரிசைக்குப் போயின, நானும் கேட்பதை விட்டேன்.

கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் பக்கச்சுவரை ஒட்டி ஒரு மனோரஞ்சிதக் கொடி இருந்தது. கொடி என்று சொல்கிறேன், அதன் அடி என் முன்கை கனம். பலா மரத்தின்மேல் ஏறி, கொக்கி போட்டுப் பிடித்து, கூரைவரை போயிருந்தது. பச்சையாக இருக்கும்வரை அதன் பூவுக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாது. மஞ்சளாகும்போது வாசம் ஏறும். என்ன பழத்தை நினைத்துக்கொண்டு முகர்ந்தாலும் அந்தப் பழத்தின் வாசமே வரும் என்று சொல்வார்கள். எனக்கு எதை நினைத்தாலும் ஒன்றும் வந்ததில்லை.

போன மாசி மாதம் ஒரு சாயங்காலம், காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள் அந்தக் கொடியருகே நின்றுவிட்டாள். தோளில் துணி, கண்கள் மூடியிருந்தன. நான் என்னமோ ஏதோ என்று ஓடினேன்.

"ஏத்தம்பழம்" என்றாள். "நல்லா பழுத்த ஏத்தம்பழம் வருகு."

நேந்திரம்பழத்தைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அவள் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மூன்று வருஷங்களுக்குப் பிறகு முதல் வாசம். ஒரு மனிதன் அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்? எதுவும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். நான் சொன்னது இது: "நெனச்ச வாசம் வாற பூவுல்லா அது. நீ ஏத்தம்பழத்த நெனச்சிருப்ப."

முப்பது வருஷத்துக்கு மேல் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளைப் பழுது பார்த்தவன் நான். மீட்டரில் முள் காட்டினால்தான் அழுத்தம் இருக்கிறதென்று நம்புவேன். அந்தப் புத்தி அப்படிப் பேசிவிட்டது. அவள் துணிகளை உள்ளே கொண்டுபோய் மடித்தாள். அதற்குப் பிறகும் தினமும் சாயங்காலம் அந்தக் கொடியருகே போய்ப் பத்து நிமிஷம் நிற்பாள். என்ன வருகிறது என்று என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. உண்மையிலேயே மூக்கு திரும்புகிறதா, அல்லது மனசு ஏமாற்றுகிறதா? வேறு எந்தப் பூவாக இருந்தாலும் தெரிந்திருக்கும். இந்தப் பூவில் மட்டும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பங்குனியில் வீட்டுக்காரர் வந்தார். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். மலையாளக் கணக்கில் கர்க்கடகம் பிறக்கும் முன் காலி செய்ய வேண்டும், அதாவது நம் ஆடிக்கு முன். ஆடியில் நாங்களும் வீடு மாற மாட்டோம் என்பது அவருக்கும் தெரியும். நியாயமான மனிதர்தான், நாலு மாதம் கொடுத்திருக்கிறார். நான் தலையாட்டினேன். என் மனைவி கொடியைப் பார்த்தாள்.

"அதை வேரோட எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் சிரித்தார். அதன் வேர் பலா மரத்தின் வேரோடும் அஸ்திவாரக் கல்லோடும் பின்னிக் கிடந்தது. அவர் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "வீடு போனா போகட்டும். இந்தக் கொடி போச்சுன்னா அப்புறம் எனக்கு ஒண்ணும் கிட்டாது. நீங்க நம்புனாலும் நம்பாட்டாலும் சரி." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். கோபம் இல்லை, பயம் இருந்தது.

நர்சரிகளில் மனோரஞ்சிதக் கன்று கிடைக்கும். விதையில் முளைத்தவை. பூக்க எத்தனை வருஷமோ, அந்த வாசம் இதே வாசமாக இருக்குமோ, யார் கண்டது. அவளுக்கு இந்தக் கொடிதான் வேண்டும். பத்துக் குச்சிகளை வெட்டி மண்ணில் நட்டேன். மூன்று வாரத்தில் பத்தும் அழுகின. நான் மண்ணைத் திட்டினேன், சாணத்தைத் திட்டினேன், குச்சிகளையும் திட்டினேன். பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், மலையாளிப் பெண், ஏதோ ஒரு செடி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. எங்களிடம் பேசும்போது இரண்டு மொழியையும் கலந்து ஒரு மாதிரி பேசுவாள்.

"அங்கிள், மண்ணே வேண்டா" என்றாள் மதிலுக்கு மேலிருந்து. "ஏரோபோனிக்ஸ் நோக்கலாமே. குச்சிய காத்துல தொங்க விடணும். அடியில பம்பு வச்சு பனி மாதிரி தண்ணி அடிக்கணும். ஞங்ஙளுடெ லேப்ல நல்லமொளகுக் கொடி அங்ஙனெயாணு வேர் பிடிக்கிறது."

மண் இல்லை என்று அவள் சொன்னபோது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பம்பு என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாலை பஜாரில் போர்வை போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினேன். தம்பானூர்ப் பக்கம் ஒரு கடையில் சின்ன பம்பும் நாசில்களும் டைமரும் கிடைத்தன. பெட்டியின் மூடியில் இருபத்தொரு துளை போட்டேன். ஒவ்வொரு துளையிலும் வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்ச், அதன் நடுவில் ஒரு குச்சி. மேலே நாலு விரல் உயரம் வெளியே, மற்றது உள்ளே இருட்டில் தொங்கும். பெட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி, அதுதான் தொட்டி. அதிலிருந்து பம்பு தண்ணீரை எடுத்துப் பெட்டிக்குள் தூவும், வடிந்தது மறுபடி வாளிக்கே வரும். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லின் மேல், ஓட்டுச் சார்ப்பின் கீழே எல்லாவற்றையும் அமைத்தேன். குச்சிகளை மட்டும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். முற்றலும் இல்லாமல் இளசும் இல்லாமல், ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, தன் கையாலேயே வெட்டித் தந்தாள். அடிநுனியில் வேர்ப்பொடி தடவிச் சொருகினோம். அன்று சித்திரை மாதம் பிறந்து மூன்றாம் நாள்.

முதல் இரண்டு வாரத்தில் ஐந்து குச்சிகளின் அடி கறுத்துப்போயிற்று. மதிலுக்கு மேலிருந்து பார்த்த பெண் சொன்னாள், நான் பனி அடிக்கவில்லை, மழை அடிக்கிறேன் என்று. உண்மைதான். பழக்கதோஷத்தில் தோட்டத்துக்குத் தூவும் நாசிலைப் போட்டிருந்தேன். சொட்டுச் சொட்டாக நனைந்து குச்சிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. மெல்லிய நாசிலாக மாற்றினேன், டைமரில் இடைவெளியையும் கூட்டினேன். அதன் பிறகு நாளுக்குப் பத்துத் தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். "அங்கிள், இப்பிடி துறந்து துறந்து நோக்கினா வேருக்கு நாணம் வராதா?" என்று அதற்கும் ஒரு பாட்டு வாங்கினேன்.

அடுத்தது வெயில். சித்திரை மதியத்தில் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் முப்பத்திரண்டு. சூட்டில் தண்ணீருக்குள் காற்று தங்காது, வேர் பிடிக்காது என்றாள் அந்தப் பெண். பழைய பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்துக் காலையும் மதியமும் தொட்டியில் போட்டேன். ஃபிரிட்ஜில் மீனுக்கும் மாவுக்கும் இடமில்லை, எல்லாம் என் பாட்டில்கள். பெட்டிக்குள் வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்ததும் கிழிந்த கறுப்புக் குடைகள் இரண்டைப் பிரித்து அதன்மேல் போர்த்தினேன். வேறொரு சமயமாக இருந்தால் என் மனைவி இதைச் சொல்லியே தெருவைச் சிரிக்க வைத்திருப்பாள். இப்போது அவளே ஊசி நூல் கொண்டுவந்து குடைத்துணியைத் தைத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் வாரம் குச்சிகளின் அடியில் வெள்ளையாக ஒரு புடைப்பு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பொரி அளவு. வெட்டுக்காயம் ஆறுகிறது, வேர் இனி அதை ஒட்டித்தான் வரும் என்றாள் பெண். என் மனைவி பெட்டியின் முன் கைகூப்பி நின்றதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

ஆனால் புடைப்பு புடைப்பாகவே நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், வேர் மட்டும் வரவில்லை. அதே சமயம் மேலே இலை துளிர்த்தது. பளபளவென்று இளம் பச்சையில் குச்சிக்கு இரண்டு மூன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிலுக்கு மேலே குரல் கொடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிற்று.

"வேர் வராம இலை வந்தா சந்தோஷப்படண்டா அங்கிள். வழிக்குக் கட்டிக்கொடுத்த சோற, பஸ் கிளம்புறதுக்கு முன்ன தின்னு தீர்க்குற மாதிரியாணு அது. தண்ணி ஒவ்வொரு ஆழ்ச்சயும் மாத்துறீங்களல்லே?"

வாரம் தவறாமல் மாற்றுகிறேன் என்றேன். பொய். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பினேனே தவிர, ஒருநாளும் முழுதாக மாற்றவில்லை. கோடையில் கிணறு அடிக்குப் போயிருந்தது. வாழ்நாள் முழுவதும் தண்ணீரோடு மல்லுக்கட்டியவனுக்குக் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரைக் கொட்ட மனசு வராது.

எட்டாம் வாரம் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வழவழவென்று கோழை மாதிரி. வினிகரில் ஊறப் போட்டு, ஊசியால் குத்தி, மறுபடி மாட்டினேன். நாலே நாளில் திரும்பவும் அடைத்தது. கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று ஃபில்டர் வைத்தேன். அப்படியும் அடைத்தது. பம்பின் அழுத்தம் சரி, ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டதால் சூடும் சரி, டைமரும் சரி. எல்லா முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது, குச்சிகள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன. ஒன்பது மிச்சம். வீட்டுக்காரர் அனுப்பிய ஆட்கள் டேப்பைப் பிடித்து முற்றத்தை அளந்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவன் டேப்பின் நுனியை அந்தக் கொடியில் மாட்டியிருந்தான். என் மனைவி உள்ளே இருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். நல்ல மழை. நான் துவைகல்லருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாசிலைப் பிரித்துவைத்து எல்லாரையும் வைதுகொண்டிருந்தேன். பம்பு செய்தவனை, நாசில் விற்றவனை, குச்சிகளை வெட்டிக்கொடுத்தவளையும்கூட. "ஏட்டி, நீ முத்தல் குச்சியால்லா வெட்டித் தந்திருக்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். அவள் காப்பியோடு வந்தாள். நிலைப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னது இது, இப்பிடிப் புளிச்ச வாடை?" என்றாள்.

"எங்க?"

"இங்கதான். கள்ளு கெட்ட மாதிரி."

காப்பியைக் கீழே வைத்தாள். சாக்கடை ஓரம் குனிந்தாள், இல்லை. மாவுப் பாத்திரம் கழுவிய இடத்தில் குனிந்தாள், இல்லை. முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி நடந்துவந்து என் தொட்டியின் முன் நின்றாள். மூடியைத் திறந்ததும் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். குமட்டிவிட்டது அவளுக்கு.

நான் குனிந்து தொட்டிக்குள் தலையை விட்டேன். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. மற்றபடி எனக்கு ஒன்றும் வரவில்லை. உடனே மதிலருகே போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். குடை பிடித்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்கு ஒரு அடி தூரத்திலேயே மூக்கைப் பிடித்தாள். "அய்யோ அங்கிள்! இதுல எந்தா ஒழிச்சது, கள்ளோ?"

நான் ஒன்றும் ஊற்றவில்லை என்று சத்தியம் செய்யப் போனேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தேங்காத்தண்ணி."

ஐந்தாம் வாரத்திலிருந்து ஊற்றியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயின் தண்ணீர், கறிக்கு உடைக்கிற தேங்காயின் தண்ணீர், ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் எல்லாம். அடியில் புடைப்பு வந்ததும், இனி இதற்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. போனில் யாரோ ஒருத்தி தேங்காய்த் தண்ணீரில் வேர் நன்றாக வரும் என்று காட்டியிருக்கிறாள். அதோடு சாமிக்கு உடைத்தது, அதைவிட நல்லது என்ன இருக்கிறது? என்னிடம் சொன்னால் கத்துவேன் என்று, நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஊற்றியிருக்கிறாள்.

அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். தேங்காய்த் தண்ணீரில் இருக்கிற ஒன்று இலையைத் துளிர்க்க வைக்கும், வேரைப் பிடித்து நிறுத்தும். அவர்கள் கூடத்தில் அதை வேறு வேலைக்கு, கிருமி புகாத கண்ணாடிக் குப்பியில், அளந்துதான் சேர்ப்பார்களாம். இங்கே அதன் சர்க்கரையைத் தின்று கோழை வளர்ந்து, நாசிலை அடைத்து, தண்ணீரில் இருந்த காற்றையும் குடித்துவிட்டது. நான் தண்ணீரை மாற்றியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. இதையும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். எட்டு வாரக் கோபமும் தொண்டைவரை வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தேங்காய்த் தண்ணீர் கெட்டுப்போயிருக்கும் என்று இவள் நினைத்திருக்க வழியே இல்லை. அமுதம் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தவள் இவள். இந்த உலகத்தில் யாராவது ஒருவர் அந்த நாற்றத்தைக் கற்பனை செய்ய முடியாதென்றால் அது இவள்தான். நினைத்த வாசம் தருகிற பூ ஒன்றும் அந்தத் தொட்டியில் இல்லை. நிலைப்படியில் நின்று, மழைக்கு நடுவே, நாலு கஜ தூரத்தில் இருந்து அவள் மூக்கு அதைக் கண்டுபிடித்திருக்கிறது.

 "இப்பமும் வருகா?" என்று கேட்டேன். 

"வருகு. கொடலப் பெரட்டுகு."

"அப்பம் அன்னைக்கு ஏத்தம்பழம்..."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னைக்கும் வந்துதுல்லா. நான் சொன்னேன். நீங்கதான் நம்பல."

"தப்பு எம்பேர்லதான்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். என் மனைவி தலைப்பால் மூக்கைப் பொத்தியபடியே சிரித்தாள். பிறகு அழுதாள். நான் அந்த நாற்றத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன்.

பெட்டியையும் தொட்டியையும் குழாய்களையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பலமுறை கழுவினோம். ஒன்பது குச்சிகளின் துளிர்களைக் கிள்ளினோம். கோழை பிடித்த அடிகளைக் கொஞ்சம் மேலே ஏற்றி வெட்டி மறுபடி சொருகினோம். இருப்பது ஒரு மாதத்துக்கும் குறைவு. இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றினேன், மழை கிணற்றை நிரப்பியிருந்தது. தினமும் காலையில் தெர்மாமீட்டரை எடுக்கும் முன் அவளைக் கூப்பிடுவேன். அவள் மூடியைத் திறந்து குனிவாள்.

"என்ன வருகு?"

"ஒண்ணும் வரல. பச்சத்தண்ணி."

மூன்று வருஷமாக நான் பயந்த பதில் அது. இப்போது அதைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போனேன்.

பதினேழாம் நாள் காலை "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். குரலில் ஏதோ இருந்தது. போனேன். மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் டார்ச்சை அடித்துக் கீழிருந்து பார்த்தேன்.

நான்கு குச்சிகளில் வேர் வந்திருந்தது. ஒரு குச்சியில் ஏழு, இன்னொன்றில் மூன்று. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, மண் படாத வெள்ளை. ஒவ்வொரு வேரின் மேலும் பூனை மயிர் போல மெல்லிய இழைகள், இழைக்கு இழை தண்ணீர் முத்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டைமர் முடிந்து பம்பு ஓடிற்று. பனி எழுந்து அந்த வேர்களைச் சுற்றிப் படர்ந்தது. அவை லேசாக ஆடின.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் தண்ணீரை மேலே தள்ளியிருக்கிறேன், எத்தனையோ வீட்டுக்கு. தண்ணீர் போய் என்ன செய்கிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பிடிக்க மண் இல்லை, சாய கல் இல்லை. கத்தியால் வெட்டப்பட்ட ஒரு குச்சி, அடியும் இல்லாமல் நுனியும் இல்லாமல் இருட்டில் தொங்குகிறது. அதற்குள் எங்கோ ஒரு இடம், இங்கிருந்துதான் வேர் புறப்பட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்திருக்கிறது. எங்கள் கோழையையும் சூட்டையும் என் கத்தலையும் தாண்டிக் காத்திருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. அவளுக்குக் கை வலித்திருக்கும், ஆனாலும் மூடியை இறக்கவில்லை. இரண்டு பேரும் அடுத்த பனி வரும்வரை அப்படியே நின்றோம்.

ஆனி முடிய ஐந்து நாள் இருக்கும்போது வீடு மாறினோம். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. கடைசியாக மண்தொட்டிகளில் நடுகிற வேலை. நான் மண்தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவள் ஸ்பாஞ்சோடு குச்சியை எடுத்து, வேர் மடங்காமல் மெல்லக் குழிக்குள் இறக்கினாள். இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும் கிட்டத்தில் இருந்தன. நான்காவது குச்சியை வைத்து மண் தள்ளும்போது அவள் கை நின்றுவிட்டது.

"வேர் ஒடிஞ்சிட்டா?" என்றேன் பதறி.

இல்லை என்று தலையசைத்தாள். முகத்தை என் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தாள். ஒருமுறை மூச்சை இழுத்தாள், இன்னொருமுறை இழுத்தாள்.

"நீங்க வருகிய" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க வாசம் வருகு. மூணு வருஷமா உங்க சட்டைய மடிக்கும்போதெல்லாம் யாரோ ஒரு ஆளுக்க சட்டைய மடிக்கது மாதிரி இருந்து. பக்கத்துல படுத்திருக்கும்போதும் அப்பிடித்தான். எப்பிடி உங்ககிட்ட சொல்ல?"

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் நிமிரப் போனேன். அவள் மண் அப்பிய கையை என் தோளில் வைத்து அழுத்தினாள்.

"கொஞ்ச நேரம் இப்பிடியே நில்லுங்க" என்றாள்.